இருபது புள்ளி சைபர் ஒண்ணு

வலது கைக் கட்டைவிரலின் நகக்கண்ணில் இருந்த கிரீஸ் மட்டும் போகவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு, நான்காவது முறையாகத் தேய்த்தாள். அவருடைய கை அவள் மடியில் விரித்திருந்த துண்டின்மேல் கிடந்தது. உயிரோடு இருந்தபோது அந்தக் கையை இவ்வளவு நேரம் பிடித்திருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

"விடும்மா. இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் மகள், கட்டிலின் மறுபக்கத்திலிருந்து. ராத்திரி பஸ்ஸில் வந்தவள். அழுதழுது கண்ணிமைகள் தடித்திருந்தன.

"பாக்க வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"அப்பா கடைசி நிமிஷம் வரைக்கும் வேலை செஞ்சாருன்னு நெனைப்பாங்க."

வேலை. அந்தச் சொல்லை அவள் அப்படியே விட்டாள். இது எழுத்தர் கை. முப்பத்து மூன்று வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பேனாவையும் முத்திரையையும் தவிர வேறெதையும் பிடிக்காத கை. காலண்டர் மாட்ட ஆணி அடிக்கச் சொன்னால் ஆணியை வளைத்துவிட்டு, சுவர் சரியில்லை என்று சொல்லும். ஓய்வு பெற்ற ஐந்தே வருடத்தில், பிறவி மெக்கானிக் போல நகக்கண்ணில் கிரீஸ் ஏற்றிக்கொண்டு விறைத்துக் கிடக்கிறது.

கிரீஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் கேஜ் ரூமில் இருந்தவள். லேத்திலிருந்து வரும் ஒவ்வொரு பீஸும் அவள் மேசையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்ப்பாள். அளவு தப்பியிருந்தால் சின்ன பிரஷ்ஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து ஒதுக்கித் தள்ளுவாள். சண்டைக்கு வந்த ஆண்களிடம் வாய் திறக்க மாட்டாள். மைக்ரோமீட்டரை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவாள், அவ்வளவுதான். அங்கே அவளுக்குப் பெயர் சிவப்பு மை. அது அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் அந்த வேலைக்கு வேறு பெயர். இருபத்தாறு வருடத்துக்கு முன், மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, கேஜ் ரூமுக்குத் தலைமை ஏற்க அவளைத் தேர்ந்தெடுத்து, மூன்று மாதப் பயிற்சிக்கு வெளியூர் போகச் சொன்னார்கள். அன்று வீட்டில் விருந்தாளிகள். சாப்பாட்டுக்கு நடுவில் அவர் சொன்னார்: "போல்ட்டு எண்ணுறதுக்கு மூணு மாசம் டிரெயினிங்காம்." எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தனுக்குப் புரையேறிவிட்டது. அவர் அவளைப் போகக்கூடாது என்று சொல்லவில்லை. சிரித்தார், அவ்வளவுதான். அவள் போகவில்லை. வேறொருவர் போனார். அதற்குப் பிறகு வேலையைப் பற்றி வீட்டில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் கேட்டதில்லை.

அந்த மனிதர்தான் அறுபது வயதில், மகளைவிட வயது கூடிய ஒரு மோட்டார் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து ஷெட்டில் இறக்கினார். அதில் இருந்தது பழைய டைனமோ. விளக்கைப் போட்டால் விளக்கு எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும். சின்னக் கார் ஒன்றின் ஆல்டர்னேட்டரை இஞ்சினுக்கு முன்னால் மாட்டி, இஞ்சினிலிருந்து வெளியே நீளும் கிராங்க் முனையில் ஒரு புல்லியைச் செருகி, இரண்டுக்கும் பெல்ட் போட்டுவிட்டால் பட்டப்பகல் மாதிரி எரியும் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் புல்லி கடையில் கிடைக்காது. அளவு கொடுத்துக் கடைந்துதான் வாங்க வேண்டும். ஒன்பது மாதமாக அவர் அதற்காகத்தான் எழுந்தார், அதற்காகத்தான் சாப்பிட்டார்.

நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு ஷெட்டில் ஸ்பேனர் விழுந்த சத்தம் கேட்டது. அவர் கையிலிருந்து ஸ்பேனர் விழுவது ஒரு செய்தியா? தேநீர் ஆறி ஆடை கட்டிய பிறகுதான் போய்ப் பார்த்தாள். உடனே போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். கொழுந்தனைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார்.

பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். நகக்கண்ணில் அந்தக் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது.

"பெட்டி வந்துருச்சு அண்ணி," என்று வாசலிலிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தார்.

கொழுந்தனுக்குக் கல்யாண மண்டபத்தில் மேனேஜர் வேலை. துக்க வீட்டையும் அவர் ஒரு விசேஷமாகத்தான் நடத்தினார். நாற்காலிகளை வரிசையாகப் போடவைத்தார். குடிதண்ணீர் எங்கே என்று கை காட்டினார். ஒரு காதில் ஃபோன், இன்னொரு காதில் ஃபோன். நடுநடுவே அண்ணன் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் கர்ச்சீப்பை எடுத்தார். எடுத்த காரியம் முடிந்ததும் நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

பதினோரு மணிக்கு அவருடைய கிளப் ஆட்கள் வந்தார்கள். தெருவே அதிரும்படி எட்டு பழைய மோட்டார் சைக்கிள்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒன்றாகப் போய், எங்கேயாவது ஒரு கடையில் தேநீர் குடித்துவிட்டு, போன வழியே திரும்பி வரும் ஓய்வுபெற்ற மனிதர்கள். அந்த வெயிலில் எட்டு பேரும் தோல் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். துக்கத்துக்கென்று ஜிப்பை மட்டும் கழுத்துவரை ஏற்றியிருந்தார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். அவள் எதிரில் வந்து நின்று, தலையைக் குனிந்து, நெற்றி வியர்வை தரையில் சொட்டும்வரை பேசாமல் இருந்தார்.

"சிஸ்டர்," என்றார் கடைசியில். "நாங்க ஒரு மெம்பர இழக்கல. எங்க இஞ்சினியர இழந்துட்டோம்."

"உட்காருங்க."

"கிளப்ல அவருக்குப் பேரே இஞ்சினியர்தான்."

"தெரியும். ஃபோன்ல இஞ்சினியர் இருக்காரான்னுதான் கேப்பீங்க. ராங் நம்பர்னு ரெண்டு தடவ வச்சிருக்கேன்."

துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தவராய்த் தலைவர் கண்களை மூடித் திறந்தார். வாயில் எதையாவது வைத்துக்கொண்டு பேசுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர், எதையும் பாதிதான் கேட்பார் போலும்.

பிறகு அவரும் கொழுந்தனும் ஜன்னலோரம் நின்று ஏதோ பேசினார்கள். மகளையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். மூவரும் சேர்ந்து வந்தபோதே, முடிவெடுத்துவிட்டுச் சம்மதம் கேட்க வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி, ஒரு யோசனை," என்றார் கொழுந்தன். "மூணு மணிக்கு எடுக்குறோம்ல. அண்ணன் வண்டி முன்னால போகணும். அண்ணன் பின்னால வரணும்."

"நாங்க எட்டு பேரும் கடைசில வருவோம்," என்றார் தலைவர். "முன்னால அவரு கையால செஞ்ச ஆல்டர்னேட்டர், லைட்டு எரிஞ்சுகிட்டே போகும். இத விட என்ன மரியாதை இருக்கு சிஸ்டர்?"

"யாரு ஓட்டுறது?"

"நான்," என்றாள் மகள்.

மகளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். அவளுடைய அப்பாதான் கற்றுக்கொடுத்தார். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

"வண்டி ஓடாது," என்றாள்.

"நேத்து ஓடிச்சும்மா. மத்தியானம் அப்பா ஃபோன் பண்ணாரு. ஒரே உதைல ஸ்டார்ட் ஆயிருச்சு, லைட்டு சும்மா தகதகன்னு எரியுதுன்னு சொன்னாரு. எவ்வளவு சந்தோஷமா பேசுனாரு தெரியுமா?"

"நின்ன எடத்துல ஓடுறது வேற. ரோட்டுல ஓடுறது வேற."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ ஒரு நாளாவது அந்த ஷெட்டுக்குள்ள போயிருக்கியா?"

கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்திவிட்டு, நகர்த்தியதற்கு வருந்தினார்கள்.

"நேத்து போனேன்," என்றாள்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் விடவில்லை, குரல்தான் தணிந்தது. "அம்மா, இன்னைக்கு ஒரு நாளாவது அவர விட்டுடு. தப்பு கண்டுபிடிக்காத. ப்ளீஸ்."

அவள் பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. எப்போதும் இருக்கும் அந்தச் சின்ன அதிகாரம்கூட இல்லை.

நேற்று ஷெட்டின் கதவைத் தள்ளியபோது அவள் கண் முதலில் போனது அவரிடம் அல்ல. புல்லிக்குத்தான். இஞ்சினின் பக்கவாட்டு மூடி கழற்றியிருந்தது. புல்லிக்கும் அது மாட்டியிருந்த கிராங்க் ஷாஃப்ட்டின் முனைக்கும் நடுவிலிருந்து ஒரு தகரத் துண்டு, பல் இடுக்கில் சிக்கிய நார் போலப் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் தரையைப் பார்த்தாள்.

அந்த கிராங்க் முனை டேப்பர். காரட் மாதிரி, அடியில் பருத்து நுனியில் சிறுத்தது. அடியில் இருபது மில்லிமீட்டர், நுனியில் பத்தொன்பது சொச்சம். பழக்கமில்லாத கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். அதில் உட்காரும் புல்லியின் துளையும் அதே சரிவில் இருந்தால்தான் இரண்டும் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும். நேர்த்துளை போட்ட புல்லி அடியில் மட்டும் தொட்டுக்கொண்டு நுனியில் ஆடும். ஆடாமல் இருக்கத் தகரத்தைச் சுருட்டிச் செருகியிருந்தார். நின்ற இடத்தில் ஓடினால் தாங்கும். சாலையில் வேகம் ஏறினால் தகரம் நசுங்கும், நட்டு இளகும், அந்தக் கால் கிலோ இரும்பு சுற்றிய வேகத்தோடு மூடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஓட்டுகிறவளின் இடது முழங்கால் அங்கேதான் இருக்கும்.

சொல்லிவிடலாம். கூடம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். எட்டு ஜாக்கெட்டுகளும் இருக்கின்றன, புரையேறிய கொழுந்தன் இருக்கிறார். ஷெட்டில் அந்தப் பீஸே இருக்கிறது. மைக்ரோமீட்டரைத் திருப்பிக் காட்டுவதுபோல, எல்லோரையும் ஷெட்டுக்குக் கூட்டிப் போய், இந்தாங்க உங்க இஞ்சினியர் என்று காட்டிவிடலாம். இருபத்தாறு வருடம் இதற்காகத்தான் காத்திருந்தோமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, ஓட்டு," என்றாள். "ஆனா மொதல்ல நான் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வர்றேன். நான் வெளிய வர்ற வரைக்கும் யாரும் வராதீங்க."

தலைவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "போங்க சிஸ்டர். எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க."

அவள் தோள்பையை எடுத்துக்கொண்டு பின்கட்டு வழியாகப் போனாள். முதுகுக்குப் பின்னால் தலைவர் மற்றவர்களிடம் கிசுகிசுத்தது கேட்டது: "தனியா அழணும் அவங்களுக்கு."

ஷெட்டுக்குள் லேத்காரர் வண்டியின் பக்கத்தில் குந்தியிருந்தார். வண்டி ஓடுமா என்று பார்க்கக் கொழுந்தன்தான் அவரை அனுப்பியிருந்தார். ஒரு காலத்தில் அவளுடைய தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டில் லேத் ஓட்டியவர். இப்போது மார்க்கெட்டுக்குப் பின்னால் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் நிறையப் பொட்டு வாங்கியவர். அவளைப் பார்த்ததும் எழுந்து கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"மேடம்... சாரோட முகத்த இன்னும் போய்ப் பாக்கல. தைரியம் வரல."

"கதவ சாத்துங்க."

சாத்தினார்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். ஓடுது. ஆனா..." அவர் மூடியை நகர்த்தி வைத்தார். "புல்லி ஆடுது."

"எவ்வளவு?"

"கண்ணுக்கே தெரியுது. ஒரு மில்லி இருக்கும்."

"ஒரு மில்லி." தரையில் கிடந்த கோணியை இழுத்துப் போட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத யாரு கடைஞ்சது?"

"நான்தான்."

"முப்பது வருஷம் லேத் பிடிச்ச ஆளு. டேப்பர் ஷாஃப்ட்டுக்கு நேர் ஹோல் போட்டுக் குடுத்திருக்கீங்க. நல்லவேளை, நான் ரிட்டயர் ஆயிட்டேன். இல்லன்னா உங்களையே பொட்டு வச்சு வெளிய தள்ளியிருப்பேன்."

பழைய குரல் தானாகவே வந்தது. அந்தக் குரலுக்கு அவர் எப்போதும் தலையைக் குனிந்துகொள்வார். இப்போது குனியவில்லை. தயங்கியபடி அவள் முகத்தையே பார்த்தார்.

"அளவு நீங்க குடுத்ததுதானே மேடம்?"

அவள் குனிந்து, பிதுங்கியிருந்த தகரத்தைப் பார்த்தாள்.

"நான் கேட்டேன். ஷாஃப்ட்டு நேரா, டேப்பரா சார், பாக்காம கடைய மாட்டேன்னு சொன்னேன். அவரு சீட்ட நீட்டுனாரு. 'பாக்க வேண்டியதே இல்ல, இது வீட்ல கேட்டு வாங்குன அளவு. அவளத் தாண்டி ஒரு பீஸ் தப்பாப் போனதில்லன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்புறம் என்ன?'ன்னாரு. நான் என்ன சொல்ல? சரின்னுட்டேன்."

வெளியே யாரோ இருமினார்கள். யாரோ அவரை அடக்கினார்கள்.

நேற்றிலிருந்து அவள் அதை நினைக்காமல்தான் இருந்தாள்.

ஒன்பது மாதத்துக்கு முன் ஒரு காலை. அவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். கிளப்ல ஒருத்தருக்கு வேணுமாம். இருபது மில்லி ஷாஃப்ட்டுன்னா புல்லிக்கு ஹோல் எவ்வளவு வைக்கணும்?"

அவள் வேலையைப் பற்றி இருபத்தாறு வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி.

கிளப்பில் யாருக்கும் இல்லை, அவருக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். அது டேப்பர் என்றும் தெரியும். முந்தின வாரம் துணி காயப்போடப் போனபோது ஷெட்டின் ஜன்னல் வழியாக அந்த கிராங்க் முனையைப் பார்த்திருந்தாள். அந்தச் சரிவு பத்தடி தூரத்திலிருந்தே அவள் கண்ணுக்குத் தெரியும். நேரா, டேப்பரா என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆன பயிற்சிப் பெண்கூட அதைக் கேட்பாள்.

"இருபது புள்ளி சைபர் ஒண்ணு," என்றாள். கேட்டதற்குச் சரியான பதில். தட்டை அடுக்கில் செருகினாள்.

பேப்பரின் ஓரத்தில் அவர் அதை எழுதிக்கொண்டார். "தேங்க்ஸ்," என்றார். அதை அவளிடம் அவர் எப்போது கடைசியாகச் சொன்னார் என்று இருவருக்குமே தெரியாததால் கொஞ்ச நேரம் சங்கடமாக இருந்தது.

இரண்டு நாளில் புல்லி ஆடும். திரும்பி வருவார், திரும்பிக் கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். ஒருமுறை கேட்டவர் இரண்டாவது முறை கேட்கட்டும். அவர் வரவில்லை. ஷெட்டிலிருந்து சுத்தியல் சத்தமும், இரும்பு விழும் சத்தமும், அவர் தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் சத்தமும் வந்துகொண்டேயிருந்தன. அவற்றைக் கேட்டுக்கொண்டே ஒன்பது மாதம் அவள் மத்தியானங்களில் நிம்மதியாகப் பத்திரிகை படித்தாள்.

"மூணு தடவ பட்டறைக்கு வந்தாரு மேடம்," என்றார் லேத்காரர். நிறுத்தினால் தேவலை என்று இருந்தது. அவர் நிறுத்தவில்லை. "ஆடுதுன்னாரு. பேரிங்க மாத்துனோம். ஆல்டர்னேட்டர் பிராக்கெட்ட அறுத்து மறுபடி வெல்டிங் வச்சோம். கிராங்கே கோணலா இருக்குமோன்னு ஒரு நாள் பூரா உக்காந்து பாத்தோம். புல்லிய ஒரு தடவ பாத்துருவோம் சார்னேன். 'அத மட்டும் தொடாதீங்க. அது சரியாத்தான் இருக்கும். நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்'னாரு."

ஷெட்டின் கூரைத் தகடு வெயிலில் டப்பென்று ஒருமுறை சொடுக்கியது.

"பதினேழாம் நம்பர் ஸ்பேனர குடுங்க," என்றாள்.

அவர் நீட்டியது அவர் கையிலிருந்த ஸ்பேனர் அல்ல, தரையில் கிடந்தது. நேற்று விழுந்த இடத்திலேயே கிடந்திருக்கிறது. வாங்கிக்கொண்டாள். நட்டு இறுக்கமாகவே இல்லை. இரண்டு சுற்றில் கையோடு வந்தது. புல்லியின் பின்பக்கத்தில் மரச்சுத்தியால் ஒரு தட்டு தட்டினாள். பிடிமானமே இல்லாமல் அது அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது, கூடவே சுருண்ட தகரமும். தகரத்தில் பாதி ரோஜாப் பூ அச்சடித்திருந்தது. அடுக்களையில் நாலு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பிஸ்கட் டின்னின் மூடி. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டபோது, எனக்கென்ன தெரியும் உன் டின்னைப் பற்றி என்றிருந்தார்.

"பெல்ட்டயும் உருவிருங்க."

"புல்லி இல்லாம ஆல்டர்னேட்டர் சுத்தாதே மேடம். லைட்டு?"

"பேட்டரி எப்படி இருக்கு?"

"புதுசு. ஃபுல் சார்ஜ்."

"பேட்டரிலயே எவ்வளவு நேரம் ஓடும்?"

அவர் கணக்குப் போட்டார். "லைட்டு போடலன்னா ரெண்டு மணி நேரம் தாராளமா ஓடும். போட்டா... ஒரு மணி நேரம். அப்புறம் லைட்டு மங்கும். இஞ்சினும் நிக்கும்."

"போய்ச் சேர இருபது நிமிஷம்."

"போயிரும்."

மூடியை வைத்து நான்கு திருகையும் அவளே முடுக்கினாள். குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, எப்படி முடுக்க வேண்டுமோ அப்படி. புல்லியையும் தகரத்தையும் பெல்ட்டையும் தோள்பைக்குள் போட்டாள். பை ஒரு பக்கமாக இழுத்தது.

"வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம் மேடம்," என்றார் லேத்காரர். "என் வாயிலருந்து வராது."

எது வெளியே தெரிய வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

கதவைத் திறந்து அவள் வெளியே வந்தபோது கிளப் ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். தலைவர் அவள் கைகளைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வண்டியக் கட்டிப் பிடிச்சு அழுதிருக்காங்க," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

மூன்று மணிக்குப் பெட்டியை வேனில் ஏற்றினார்கள். மகள் அவருடைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். முதல் உதையிலேயே இஞ்சின் பிடித்தது. எட்டு பேரும் கை தட்டப் போய், இடம் நினைவுக்கு வந்து கையை நிறுத்தினார்கள்.

"லைட்டப் போடும்மா," என்றார் தலைவர்.

லேத்காரர் அவளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். மகள் சுவிட்சைத் தட்டினாள். வெயிலிலும் விளக்கு வெள்ளையாக, கண்ணைக் குத்துகிற மாதிரி எரிந்தது.

"ஆகா," என்றார் ஒருவர்.

"பாத்தீங்களா? இதான் ஆல்டர்னேட்டர்," என்றார் தலைவர். "டைனமோல இந்தக் கரண்ட்டு வருமா? ஜென்மத்துக்கும் வராது. மனுஷன் சாதிச்சுட்டாரய்யா."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் நேற்றிலிருந்து முதன்முறையாக ஏதோ ஒன்று நிமிர்ந்திருந்தது. "பாத்தியாம்மா?"

"பாத்தேன்," என்றாள். "மெதுவாப் போ."

வேனில் பெட்டியின் பக்கத்தில் அவளும், எதிரில் கொழுந்தனும் உட்கார்ந்தார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடி வழியாக முன்னால் மகளின் முதுகும், பின்விளக்கின் சிவப்பும் தெரிந்தன. கொழுந்தன் கர்ச்சீப்பை எடுத்தார்.

"அண்ணன் கைராசிக்காரர் அண்ணி. இஞ்சினியருக்குப் படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்களும் ஃபாக்டரில இருந்தீங்கள்ல, போல்ட்டு, நட்டுன்னு. உங்களுக்கும் இதெல்லாம் கொஞ்சம் புரியும், இல்ல?"

"கொஞ்சம் புரியும்," என்றாள்.

பைக்குள் கை விட்டாள். ஆள்காட்டி விரல் புல்லியின் துளைக்குள் போனது. உள்சுவரை மெல்லச் சுற்றித் தடவினாள். வழுவழுவென்றிருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. கருவி இல்லாமலேயே சொல்ல முடியும்: இருபது புள்ளி சைபர் ஒண்ணு. மேசைக்கு வந்திருந்தால் பொட்டில்லாமல் தாண்டிப் போயிருக்கும்.

மயானத்தின் வாசலில் மகள் வண்டியை உள்ளே போகும் பாதையைப் பார்த்தபடி நிறுத்தினாள். இஞ்சினை அணைத்தாள். விளக்கை அணைக்கவில்லை. தலைவர் வேண்டாமென்று கை காட்டியிருந்தார். அது எரியட்டும், அதன் வெளிச்சத்தில் போகட்டும் என்று. தோள் கொடுக்க ஆறு பேர் வந்தார்கள். தோல் ஜாக்கெட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டன.

சடங்குகள் நீண்டன. தலைவர் ஒரு தாளை விரித்து வாசித்தார். தொலைநோக்கு என்ற சொல் மூன்று முறை வந்தது. அவள் மகளின் பக்கத்தில் நின்றாள். மகள் அவள் கையைத் தேடிப் பிடித்தாள், பிடித்த கையை என்னவோ நினைத்தவள் போல விரித்துப் பார்த்தாள். கட்டைவிரல் நகக்கண்ணில் கறுப்புக் கோடு. மகள் விரல்களை மறுபடியும் மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

லேத்காரர் கூட்டத்தைச் சுற்றி அவள் பின்னால் வந்து நின்றார். "அணைச்சுரட்டுமா மேடம்?" என்றார் காதோரமாக.

அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில், ஆளில்லாத வண்டியில், விளக்கு மஞ்சளாகியிருந்தது.

"வேண்டாம்," என்றாள்.

முதல் பிடி மண்ணைப் போட மகள் குனிந்தாள். இவள் குனியாமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சிவப்பாகி, பிறகு விளக்கின் கண்ணாடிக்குள் ஒரு சிறிய கம்பி மட்டும் தெரிந்தது. அது இன்னும் எரிகிறதா, வெயில் பட்டு மின்னுகிறதா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை.